மூன்றாவது பதில்

மார்ச் 4, செவ்வாய்

புதுக் கருத்துக்கணிப்பு இன்று தொடங்கியது. நடுத்தர வருமானக் குடும்பங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கப் போகின்றன, ஏன்? தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. போன மாதம் ஷாம்பூ, அதற்கு முன் கொசுவிரட்டி. தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்களைக் கேள்வி கேட்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. எதற்கும் எனக்கு ஒரே குரல்தான்.

வேலை தொடங்குமுன் ஹெட்போன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முதல் கேள்வியை நாமே கேட்டு நாமே பதில் சொல்ல வேண்டும். "வீட்டில் எத்தனை பேர்?" "ஒன்று." "வேறு யாராவது?" "இல்லை." அந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் கைக்குழந்தைகளையும் ஜனங்கள் கணக்கில் விட்டுவிடுகிறார்களாம். நான் யாரையும் விடவில்லை. தினமும் காலையில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

மார்ச் 5, புதன்

வருமானம் எந்த வகை: குறைவு, நடுத்தரம், அதிகம்? இன்று முப்பத்தொரு பேரிடம் கேட்டேன். முப்பத்தொருவரும் நடுத்தரம். ஒருவர் வீட்டில் மூன்று கார். இன்னொரு அம்மா பேசும்போது கூரை ஒழுகிப் பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. அவரும் "நடுத்தரம்தாம்மா" என்றார். நாட்டில் ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை. எல்லாரும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறோம்.

மார்ச் 8, சனி

எங்கள் மேற்பார்வையாளருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு அழைப்பு எட்டு நிமிடம் தாண்டினால் பின்னால் வந்து நின்றுவிடுவார். ஆனால் மனுஷன் தொழில் தெரிந்தவர். இன்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏன் இந்தக் கட்சின்னு கேட்டா முதல்ல வர்ற பதில் பேப்பர்ல படிச்சது. ரெண்டாவது பக்கத்து வீட்டுல கேட்டது. மூணாவதுதான் அவங்களோடது. 'வேறு ஏதாவது?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வந்தது பாருங்கள்!

ஒரு வங்கி ஊழியர். முதலில் ஊழல், அடுத்து வரி. மூன்றாவது: "எங்க மேனேஜர் அந்தப் பக்கம். அந்த ஆளுக்கு எது ஆகாதோ அதுக்குத்தான் என் ஓட்டு."

ஒரு டீச்சர். "எங்க வீட்டுக்காரர் சொல்ற கட்சிக்குத்தான் போடுவேன்னு அவர்கிட்ட சொல்லுவேன்." "வேறு ஏதாவது?" "அதை அவர் இல்லாத நேரத்துல கூப்பிட்டுக் கேளுங்க."

மருந்துக்கடைக்காரர் ஒருவர். "ஏழைங்களுக்கு உதவித்தொகை. பணக்காரங்களுக்குச் சலுகை. நமக்கு அறிவுரை. அறிவுரை கம்மியா சொல்ற கட்சி எதுன்னு பார்க்கறேன்." அப்படியே தட்டச்சு செய்தேன். இதற்கு என்ன எண் கொடுப்பது? விலைவாசிக்கு 1, வரிக்கு 2, தலைவருக்கு 4. கடைசியில் "மற்றவை"யில் போட்டேன். இந்த வாரம் என் "மற்றவை" நிரம்பி வழிகிறது.

ஒருவர் மட்டும் மனதில் நிற்கிறார். எப்போதும் ஜெயிக்கிற கட்சிக்கே போடுவாராம். "தோக்கற கட்சிக்குப் போட்டுட்டு வந்தா மறுநாள் டீக்கடையில யார்கூடவும் பேச முடியாதும்மா."

மார்ச் 11, செவ்வாய்

இன்று பேசிய ஒருவர், தானும் தம்பியும் எதிரெதிர்க் கட்சி என்றார். "அடிச்சுக்குவோம். அப்புறம் கையைக் கழுவிட்டு ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம்." தட்டச்சு செய்ய மறந்து உட்கார்ந்திருந்தேன்.

சரி, எழுதியே விடுகிறேன். நான்கு வருடமாக இந்த நோட்டில் அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பா அச்சகத் தொழிலாளி. தொழிற்சங்கம், கட்சி அட்டை என்று சாகும்வரை ஒரே கட்சி. நானும் அண்ணனும் அதே வழி. போன தேர்தலுக்கு முன், அண்ணன் மகளின் பிறந்தநாள் சாப்பாட்டில், அண்ணன் அலுவலக நண்பரிடம் அந்த இன்னொரு கட்சிதான் இந்த முறை என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. அத்தனை பேர் முன்னால், "அண்ணே, அப்பா இருந்திருந்தா உன்னை வாசல்லயே நிக்க வெச்சிருப்பார். எவ்வளவுக்கு விலை போனே?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் முகம் வெளுத்துப்போனது. "உனக்கென்ன, ஒத்தை ஆளு. நாட்டைப் பத்திக் கவலைப்பட உனக்கு நேரம் இருக்கு" என்றான்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டாப்வாட்ச்: "உங்க அழைப்பு சராசரி பன்னெண்டு நிமிஷம்." எனக்கு முடிக்கத் தெரியவில்லை. அவர்களுக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

வீட்டில் நாற்காலி இரண்டு. ஒன்றில் நான், இன்னொன்றில் மடிக்க வேண்டிய துணி. துணிக்கு எதிரே உட்கார்ந்து என்னையே கேட்டுப் பார்த்தேன். ஏன் அந்தக் கட்சி?

தொழிலாளர் உரிமை. (பேப்பர்.)

வேறு ஏதாவது? அப்பா கட்சி. (வீடு.)

வேறு ஏதாவது?

நாலு துணி மடித்தேன். பிறகு வந்தது. வாக்குச்சாவடி மறைப்புக்குள் அந்தப் பெயருக்கு நேரே பொத்தானை அழுத்தும் அரை நிமிடம், அப்பா, அம்மா, அண்ணன், நான் நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவ்வளவுதான் என் அரசியல். இதை வைத்துக்கொண்டா அவனை விலை போனாய் என்று கேட்டேன்?

மார்ச் 20, வியாழன்

அண்ணன் எண்ணைக் கைபேசியில் எடுத்தேன், வைத்தேன். என்னத்தைப் பேசுவது? நல்லா இருக்கியா என்றா? நாலு வருஷம் கழிச்சு நல்லா இருக்கியாவாம்! வெட்கமா இல்ல எனக்கு? கையில் கேள்வித்தாள் இருந்தால் முன்பின் தெரியாத முந்நூறு பேரிடம் பேசுகிறேன். இல்லையென்றால் கூடப் பிறந்தவனிடம் பேச வாய் வரவில்லை.

மார்ச் 22, சனி

செய்துவிட்டேன்.

எங்களுக்கு எண்களை இயந்திரமே போட்டுத் தரும். விட்டுப்போன அழைப்புகளுக்கு மட்டும் நாமே எண்ணைத் தட்டலாம். மதியம் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். தட்டினேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"வணக்கம் சார். கருத்துக்கணிப்பு நிறுவனத்திலிருந்து பேசுகிறோம். பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா?"

என் குரல் அவனுக்குத் தெரியாதா? வைத்துவிடுவான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது பதிவாகுதா?" என்றான்.

"ஆமாம் சார்."

"சரி. கேளுங்க மேடம்."

மேடம்! சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, இப்போதும் தெரியவில்லை. திரையைப் பார்த்து வாசித்தேன்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"ரெண்டு. நானும் என் மனைவியும். பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா."

கல்யாணம் ஆகிவிட்டதா! எனக்குத் தெரியாது. "வேறு யாராவது?"

"ஒரு தங்கச்சி இருக்கா. இந்த வீட்டுல இல்ல. எழுதணுமா?"

எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டும், சார்."

"சரி. அப்ப ரெண்டு."

வயது ஐம்பத்தெட்டு. வருமானம் நடுத்தரம். கட்சி, அதே கட்சி. இந்த முறையும்.

"ஏன் என்று சொல்ல முடியுமா?"

"ரோடு போட்டாங்க. வரியைக் குறைக்கறேங்கறாங்க."

"வேறு ஏதாவது?"

"என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன் நடந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்க ஒரு கடிதம் வேணும்னு எங்கப்பாவோட கட்சி ஆபீசுக்குப் போனேன். மூணு நாள் போனேன். 'உங்களுக்கென்ன சார், சொந்த வீடு இருக்கு, ஸ்கூட்டர் இருக்கு'ன்னாங்க. அப்பா படம் அந்தச் சுவத்துலதான் மாட்டியிருந்துச்சு மேடம். அதுக்குக் கீழதான் நின்னேன். இந்தக் கட்சிக்காரன் ஒருத்தன் கூடவே வந்து ஆஸ்பத்திரியில விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தான்."

அந்த ஆபரேஷன் எனக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அண்ணிக்கு உரித்தும் கொடுத்தேன். எப்படிச் சமாளித்தாய் என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வேறு ஏதாவது?"

வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பின்னால் ஸ்டாப்வாட்ச் வந்து நிற்பது தெரிந்தது. நிற்கட்டும்.

"அந்தப் பையன் இப்பவும் ஞாயித்துக்கிழமை வருவான். கட்சி விஷயம்னு வருவான், சும்மா உட்கார்ந்துட்டுப் போவான். என்னை அண்ணேன்னு கூப்பிடுவான்." நிறுத்தினான். "நாலு வருஷமா அப்படிக் கூப்பிட வேற யாரும் இல்ல. எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன் சார்."

"வேறு ஏதாவது?" என்று மறுபடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, மூன்றோடு நிறுத்த வேண்டும்.

"அவ்வளவுதான்."

"உங்கள் நேரத்திற்கு நன்றி."

அண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. கூப்பிடவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 24, திங்கள்

ஸ்டாப்வாட்ச் கூப்பிட்டார். முழுப் பதிவையும் கேட்டிருக்கிறார்.

"இந்த எண் பட்டியல்ல இல்ல. தெரிஞ்சவங்களைக் கேட்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அழிக்கணும்."

"சரி சார்."

"கேள்வி கேட்ட விதம் மட்டும் ரொம்பச் சரி. புதுசா வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டலாம்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணனா?"

தலையாட்டினேன்.

"நீங்களே அழிச்சிடுங்க. நான் பார்க்கல."

அழித்தேன். நாட்டின் நடுத்தர வர்க்கக் கணக்கில் என் அண்ணன் இல்லை. அதனால்தான் சனிக்கிழமை அவ்வளவு விவரமாக எழுதி வைத்தேன் போலிருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

இந்நேரம் அந்தப் பையன் வந்திருப்பான்.

ஏப்ரல் 3, வியாழன்

கணிப்பு முடிந்தது. அறிக்கை வந்தது. நடுத்தர வருமானக்காரர்களின் முதல் காரணம் விலைவாசி, இரண்டாவது வரி. "மற்றவை" நான்கு சதவீதம். ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். திங்கள் முதல் பற்பசை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாக்குப்பதிவு. வரிசையில் முன்னால் நின்ற அம்மா குடும்பத்தோடு வந்திருந்தார். நான் போட்டுவிட்டு நடந்தே வந்தேன். கட்சி மாறவில்லை. அவனும் மாறியிருக்க மாட்டான். அது இப்போது என்னை உறுத்தவில்லை. உறுத்துவது வேறு.

ஏப்ரல் 9, புதன்

வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். மணி நிற்கப்போகிறது என்ற பயத்தில்தான் எடுத்தேன்.

"வணக்கம் மேடம். கருத்துக்கணிப்பிலிருந்து பேசறோம். பத்து நிமிஷம் கிடைக்குமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு எவ்வளவு கறாராகப் பேசுகிறான்! நானே தோற்றேன்.

"கேளுங்க சார்" என்றேன்.

"வீட்டில் எத்தனை பேர்?"

"ஒண்ணு."

"வேறு யாராவது?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். எவன் சொல்லிக் கொடுத்தானோ. பின்னால் அண்ணியின் குரல் கேட்டது: "ஏங்க, இழுக்காம விஷயத்தைச் சொல்லுங்களேன்."

இல்லை என்பது தினமும் காலையில் நான் சொல்கிற பதில். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்று வரவில்லை.

"அண்ணே" என்றேன்.

கறாரெல்லாம் போய், பழைய குரலில் சொன்னான்:

"ஞாயித்துக்கிழமை நாங்க அங்க வர்றோம், மூணு பேருன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். துணியை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அப்படியும் நாற்காலி இரண்டுதான். பக்கத்து வீட்டில் ஒன்று கேட்க வேண்டும்.