சும்மா இருந்தவர்கள் பின்னிய பனிச்செருப்பு

அன்பு மகள் பெலாஜிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை, நாய்கள் எல்லோரும் நலம், நீயும் வயிற்றுப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மாண்ட்ரியலில் உன் மாமியார் கேட்டதற்கு, அப்பா தோல் வியாபாரம், அம்மா வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். படித்ததும் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன்.

அப்பா வேலை பார்க்கும் நம் தோல் வியாபாரக் கோட்டைக்குப் புதிதாக வந்த கிரெய்க் துரையும் இதையேதான் சொன்னார், பொம்பளைங்க சும்மா உக்காந்து திங்கிறாங்க, குளிர்காலம் பூரா இவங்களுக்குத் தீனி போட முடியாது என்று. சரி என்று கோட்டைப் பெண்கள் நாங்கள் பன்னிரண்டு பேரும் பிள்ளைகளையும் ஊசிகளையும் எடுத்துக்கொண்டு விரிகுடா ஓரம் மரப்பட்டைக் குடிசை போட்டோம். வலையில் மீன் விழாவிட்டால் பிள்ளைகள் பட்டினி என்று எனக்கு உள்ளூரப் பயம்தான். அப்பா வேலையை விடமுடியாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோட்டையிலேயே நின்றார்.

முதல் பனி விழுந்தது. கோட்டை ஆண்கள் வேட்டைக்காரர்களிடம் போய்த் தோல் வாங்கிவர வேண்டும், பனியில் புதையாமல் நடக்கப் பனிச்செருப்பு இல்லை. ஆண்கள் மரச்சட்டத்தை வளைப்பார்கள், அதில் தோல்வாரைப் பின்னுவது நாம்தானே. துரை, இதென்ன பெரிய வித்தை என்று அவர்களையே பின்னச் சொன்னாராம். அந்தப் புத்திசாலிகள் தோல்வாரை ஊறவைக்காமல் காய்ந்தபடியே கட்டிவிட்டார்கள். பனியின் ஈரம் பட்டதும் எல்லாம் தொளதொளத்து, உன் அப்பா இடுப்பளவு பனியில் புதைந்து, நாயைப் பிடித்து ஏறி வந்தார்.

மறுநாள் துரை பின்னித் தரச் சொல்லிக் கேட்க எங்கள் குடிசைக்கு வெறுங்கையோடு வந்தார். மீன் கஞ்சி கொடுத்து, காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி அனுப்பிவிட்டோம். உன் அத்தை ஒசாவா வாசல்வரை போய், கேக்க வந்தா புகையிலை கொண்டாரணும் துரை, உங்க ஊர்ல சொல்லித் தரலையா என்று கேட்டாள். அடுத்த நாள் புகையிலையோடு வந்தார். கோட்டையில் எங்கள் இடமும் உணவும் திரும்ப வேண்டும், அதோடு ஒரு ஜோடியை நீங்களே எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பின்ன வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்; அந்த ஒரு ஜோடிக்கு அவருக்கு நாலு நாள் ஆயிற்று, விரலெல்லாம் கட்டு. இப்போது கோட்டையில் எங்களைக் கண்டால் அவரே எழுந்து நாற்காலி போடுகிறார்.

நீ இரத்தம் ஊற ஈரல் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். பிள்ளை சுகமாகப் பிறக்க எங்கள் எல்லோர் ஆசியும் உண்டு. தபாலோடு ஒரு ஜோடி பனிச்செருப்பு அனுப்புகிறேன், சட்டம் அப்பாவுடையது, பின்னல் என்னுடையது. மாமியார் இனிக் கேட்டால் பதில் சொல்லாதே. இதை அவர் காலில் கட்டிவிட்டு, முற்றத்துப் பனியில் ஒரு சுற்று நடக்கச் சொல்.

உன் அம்மா,
நோதினோக்வே