சுண்ணாம்பு பட்ட கன்னம்

ஆவணி 4, புதன்

காலையிலேயே புழுக்கம். எனக்கு எழுதத் தெரியாது. பேத்தி வள்ளி பழக்கியபடி போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

கண்மாய் வறண்டு மீன் செத்து நாறிய வருஷம். ஊருக்குள் முதல் கரண்டுக் கம்பம் நட்டதும் அப்போதுதான். எனக்குப் பெண் பேசினார்கள். முகம் முழுக்கப் பரு. கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சுவர் மினுக்கும் வேலை. கூட வேலை பார்த்தவன் முத்துச்சாமி.

"சுவத்துக் குழியெல்லாம் இதை வச்சுத்தானடா கண்ணாடி ஆக்குறோம். ஒன் மூஞ்சி என்ன, சுவத்தைவிட ஒசத்தியா?"

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். நம்பி முகத்தைக் காட்டினேன், பூச்சுக் கரண்டியால் அப்பினான். நன்றாக ஆறாத சுண்ணாம்பு; அவனுக்குத் தெரியும். இடது கன்னம் வெந்தது. பெண் வீட்டார் வந்து பார்த்து, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

சாரத்தில் நின்று சிரித்தவர்கள்: காளிமுத்து, பாம்பு கடித்துப் போனான். சோணை, குடித்தே. பெரியகருப்பன், போன பங்குனியில். கருமாதிக்குப் போய் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். முத்துச்சாமி மட்டும் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறான்.

இன்று எதற்கு இதெல்லாம்? வள்ளிக்கும் பரு. ஜவுளிக்கடை வேலைக்குத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போகிறாள். சாயங்காலம் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். வெற்றிலைச் சுண்ணாம்பு, வெல்லம்.

"முத்துச்சாமித் தாத்தா கடைக்கு வந்தாகய்யா. இதைத் தடவுனா காலையில உதுந்துரும்னாக."

தட்டிவிட்டேன். கிண்ணம் உருண்டது.

"பைத்தியமாய்யா ஒங்களுக்கு?"

ஆமாம் என்றேன்.

ஆவணி 6, வெள்ளி

காரைக்குடி. தோல் டாக்டரம்மா. உள்ளே நுழைந்தால் பெஞ்சில் முத்துச்சாமி! பக்கத்தில் அவன் பேரன், கன்னமெல்லாம் பரு. என்னைக் கண்டதும் முத்துச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டரம்மா வள்ளியிடம் என்ன சாப்பிடுவாய் என்றார். கடையில் நாலு டீ, சீனி தூக்கலாக. பன். பிஸ்கட்.

"சீனியும் மைதாவும் நிறைய போனா இன்சுலின் ஏறும். தோலுக்கடியில எண்ணெய் அதிகமாச் சுரக்கும். துவாரம் அடைச்சு, கிருமி பெருகி வீங்கும். சில பேருக்குப் பாலும் ஒத்துக்காது. ஆனா சாப்பாடு மட்டும் காரணம் இல்லம்மா, வயசும் வம்சமும் இருக்கு. பிதுக்காதே. வீக்கம் ஆழமாப் போனா உள்ளே தோலை அரிச்சிரும். அதான் குழி விழுது."

என் முகத்தையும் காட்டினேன். எல்லாம் முத்துச்சாமி சுண்ணாம்பு அப்பிப் பண்ணினது என்றேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"இல்ல தாத்தா. குழியெல்லாம் பருவோடது. சுண்ணாம்பு சுட்டது இந்த வழவழன்னு இருக்கிற தழும்பு மட்டும்தான்."

எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷமாகக் குழிகளையும் அவன் பேரில்தான் வைத்திருந்தேன். சரி, கழித்தாயிற்று. தழும்பு போதும்.

ஆவணி 8, ஞாயிறு

மேகம், மழை இல்லை. வள்ளி களிம்பு போடுகிறாள். சீனியில்லாத கடுங்காப்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டு.

முத்துச்சாமி ஊரான நேமத்தான்பட்டி போனேன். கோயில் கூட்டம். நடுவில் முத்துச்சாமி, பெரிய மனுஷன். சுண்ணாம்பு டப்பாவை அவன் முன்னால் வைத்தேன்.

"பேரனைக் கூப்பிடு. தடவு."

"என்னடா இது, கோயில்ல வந்து?"

"எம் பேத்திக்குச் சொன்ன வைத்தியந்தான? ஒம் பேரனுக்கு மட்டும் டாக்டரா?"

யாரோ பின்னாலிருந்து: "அதானே! சொல்லுங்கண்ணே!"

"நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றான்.

"அன்னைக்கு எனக்கு அப்புனதும் நல்லதுக்கா?"

எழுந்து துண்டை உதறினான். "நானா அப்புனேன்? கல்யாண ஆசையில இவனாத்தான் பூசிக்கிட்டான். பாத்தவன் எவனாச்சும் உசுரோட இருக்கானா? இருந்தாக் கூட்டியாரச் சொல்லுங்கப்பா!"

சிரித்தான். சாரத்தில் சிரித்த அதே சிரிப்பு. கூட்டமும் சிரித்தது.

"அடுத்த கூட்டத்துக்குக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணி 9, திங்கள்

ஒக்கூருக்கு முதல் பஸ். வள்ளி லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறாள். துப்பட்டா கழுத்தில்தான் கிடக்கிறது. பஸ்ஸில் ஒருத்தி முறைத்துப் பார்த்தாள், இவளும் திருப்பி முறைத்தாள்.

அன்று சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்த சித்தாள். என் முகத்தில் குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முத்துச்சாமியை விளக்குமாற்றால் அடிக்க ஓடியவள். நடக்க முடியாதாம். வாய் மட்டும் அப்படியே இருக்கிறதாம். ஆட்டோ வைத்துத் தூக்கிவருவேன்.

ஒக்கூர் இருளாயி.