மாடியில் கேட்ட ரேடியோ

செவ்வாய், இரவு

பொழுதுபடுகிற நேரம் தொண்டைமானாற்றுக் கடற்கரையில் சின்ன ரேடியோவைத் திருப்பித் திருப்பித் தூரத்து நிலையம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் கிட்ட வந்தார்.

"என்ன தங்கச்சி, ஆருக்குச் சைகை காட்டுறியள்?"

"இல்லை அண்ணை. இப்பிடித் திருப்பினால்தான் வெளிநாட்டு ரேடியோ இழுக்கும்."

"ஓமோம்," என்று சிரித்தார். "நேற்று வீட்டு மாடியிலை இழுக்கேல்லைப் போல. ஏறின உடனை கெதியா இறங்கீட்டியள்."

சைக்கிளை எடுத்தேன். எங்கள் வீடு கடலுக்கு வெகுதூரத்தில், இங்கே புத்தூரில், தோட்டங்களுக்கு நடுவில். கடற்கரையில் நிற்கிற மனிதருக்கு நேற்று நான் எங்கள் மாடியில் ஏறியது எப்படித் தெரியும்?

அம்மாவிடம் சொன்னால் இனிக் கடற்கரைக்கு விடமாட்டா. சொல்லாமல் விட்டால், நான் வேலைக்குப் போனபின் வீட்டில் அவ தனிய.

கடற்கரையும் ரேடியோவும் போனாலும் போகட்டும். அம்மாவை எழுப்பப் போகிறேன்.