கொக்குக்கு ஏத்த சீட்டு

12.3.88, சனி

என் மொபெட்டோட பழைய சீட்டு அமுங்கிப்போய் முட்டி ரெண்டும் ஹேண்டில்ல இடிச்சுது. அதைப் பாத்து உப்பளத்துல அத்தனை பேர் எதிரே மச்சான் என்னைக் கொக்குன்னான். இப்ப உப்பு வார்ற பொம்பளைங்களும் கொக்கு மேஸ்திரின்னுதான் கூப்பிடுது.

இன்னைக்குப் பாண்டிக்குப் போனேன். கடையில தொங்கினதுலயே ஒசந்த சீட்டைக் காட்டி, இன்னும் நாலு விரக்கடை பஞ்சு வைன்னேன்.

"உங்களுக்குச் சரிங்க. வேற ஆள் ஓட்டினா காலு எட்டாதுங்களே."

"அதுக்குத்தாங்க."

எனக்கு ஜம்முனு இருக்குது. மச்சான் என் தோள் உசரம்கூட இல்ல. ஞாயித்துக்கிழமையானா வண்டி இரவல் கேட்டு வந்துடுவான். உப்பளத்துக் கரையில காலு ஊனாம வண்டியைத் திருப்ப முடியாது. ரெண்டு பக்கமும் சேறு. நாளைக்கு அவன் கேக்கறதுக்கு முன்னாடியே சாவியை நீட்டிடுவேன்.

சேத்துல விழுந்து எழுந்து வரப்போறவனுக்கு எருமைன்னு பேர் வைக்கறதா, வாத்துன்னு வைக்கறதான்னுதான் இன்னும் முடிவாகல.