ஹின்னிக்கு ஒரு சான்று

நார்தம்பர்லாந்து
3 மார்ச் 1897

அன்புள்ள கத்பர்ட் அண்ணாவுக்கு,

நம் பக்கத்தில் பாசமாகக் கூப்பிடும் ‘ஹின்னி’ என்ற சொல்லுக்கு, நீங்கள் தொகுக்கும் அகராதிக்காக எழுத்தில் சான்று கேட்டிருந்தாய். சுரங்கக்காரர்கள் எங்கே எழுதப் போகிறார்கள்! மீன்காரி மெக் தினமும், “ஏன் ஹின்னி, சாப்பிட்டியா இல்லையா? எலும்பும் தோலுமா நிக்கிறே!” என்று திட்டுகிறாள். வாயால் சொன்னது உன் அகராதிக்கு ஆகாதாமே.

என்னிடம் இருப்பது என் வீட்டுக்காரர் ரால்ஃப் எழுதியது ஒன்றுதான். ரால்ஃப் யார்க்‌ஷயர் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனபோது போட்டது. அடுத்த வாரமே சுரங்கத்தின் மேற்கூரை சரிந்து விழுந்ததில் இறந்துபோனார். ஆயுளில் அவர் எழுதிய ஒரே கடிதம். ‘என் ஹின்னி’ என்று தொடங்கும். இத்துடன் அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு, அண்ணா.

உன் தங்கை,
இசபெல்

லண்டன்
19 மார்ச் 1897

அன்புத் தங்கைக்கு,

பிரமாதமான சான்று! தேனைக் குறிக்கும் ‘ஹனி’தான் நம் வடக்கத்தி வாயில் ‘ஹின்னி’ ஆகியிருக்கிறது. ஐந்நூறு வருடமாகக் காதலர்கள் சொல்லிவருகிறார்கள். ஜெர்மானியரிடமும் அதற்கு உறவுச் சொல் உண்டு. இன்னும் பின்னால் போனால், பொன்னிறத்தைச் சொல்ல வந்ததாக இருக்கலாம். மாப்பிள்ளையின் பெயர் அச்சில் வரும், பார்!

அன்புடன்,
கத்பர்ட்

நார்தம்பர்லாந்து
28 மார்ச் 1897

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்தேன், சந்தோஷம். கடிதத்தைக் காணோமே? நான் கேட்டுக் கேட்டு, தபால்காரர் இப்போது என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறார்.

இசபெல்

லண்டன்
2 ஏப்ரல் 1897

இசபெல்,

கோபித்துக்கொள்ளாதே. வேண்டிய வரியை மட்டும் கத்தரித்துச் சீட்டில் ஒட்டிவிட்டு, மற்றதைக் குப்பைக்கூடையில் போடுவது இங்கே வழக்கம். பழைய புத்தகங்களையே அப்படித்தான் வெட்டுகிறோம். கைப்பழக்கத்தில் செய்துவிட்டேன். கூடையில் இருந்த குப்பையையும் அன்றே எரித்துவிட்டார்கள். மீதியெல்லாம் லீக் வெங்காயப் பாத்தி, இடுப்புவலி என்று வீட்டு விஷயம்தானே? ‘என் ஹின்னி’ வரியைச் சீட்டோடு அனுப்பியிருக்கிறேன். அகராதி ஆசிரியரிடம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

அண்ணன்

நார்தம்பர்லாந்து
9 ஏப்ரல் 1897

கத்பர்ட்டுக்கு,

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். உன் அகராதியே வைத்துக்கொள்ளட்டும்.

ஹின்னி என்று என்னை ஊரே கூப்பிடுகிறது. “லீக் பாத்தில குனியாதே, இடுப்பு பிடிச்சுக்கும், நான் வந்து பாத்துக்கறேன்” என்று எனக்கு எழுதியவர் அவர் ஒருவர்தான். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். நேற்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ‘குனியாதே’க்கு முன்னால் இன்னும் இரண்டு வரி இருந்தது. என்னவென்று எனக்கு நினைவில்லை.

இனி எழுதாதே. பதில் போட மாட்டேன்.

இசபெல்