நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கோடு

செப். 7, திங்கள். வி.புரம்.

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நடந்ததெல்லாம் நான் சொன்னபடிதான். கயலுக்கு வந்த திண்டிவனத்துச் சம்பந்தம் நின்றுவிட்டது. ஆவணிக்குள் தட்டு மாற்றுவதாக இருந்தது. இனி இல்லை.

கயல் என் தங்கை சரோஜாவின் மகள். லேபில் வேலை. பையன் பெயர் அருள், கணக்கு வாத்தியார். அப்பாவுக்கு மைக் செட் தொழில். நேற்று போய்ப் பார்த்தோம். வீடு சரி. கேசரி சுமார். கூடத்தில் கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசையாகப் புத்தகம். மற்றவர்கள் கேசரியைப் பார்த்தார்கள், நான் அலமாரியைப் பார்த்தேன். ஒருவன் ஓட்டு எங்கே விழும் என்று அவன் அலமாரி சொல்லும். இந்த ஜில்லாவில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஒரு கலெக்டரே என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். எந்தக் கலெக்டர் என்பது இங்கே வேண்டாம்.

நடுத்தட்டு முழுக்க அந்தக் கட்சிப் புத்தகம். சரோஜா வீட்டுக்காரர் தணிகாசலம் நம் கட்சியில் கிளைச் செயலாளர். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"புக்கு இருந்தா இன்னா மச்சான்? எங்க வூட்லயும்தான் கெடக்குது. சால்வைக்குப் பதிலா குடுக்கறானுங்க, வாங்கி வெச்சிக்கினு இருக்கறோம். எவன் படிக்கறான்?"

"படிச்சிருக்கான் மாப்ளே. நாப்பத்திரண்டாம் பக்கத்துல பையன் பென்சிலால கோடு போட்டு வெச்சிருக்கான்."

சிரிப்பு நின்றது. கூட்டேரிப்பட்டிலிருந்து விக்கிரவாண்டி வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "கோடு போடறவன் ஓட்டும் போடுவான். வேணாம்" என்றார்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன். நன்றி சொல்ல ஆள் இல்லை.

செப். 8, செவ்வாய்.

வாங்க வேண்டியது: சர்க்கரை மாத்திரை, மல்லாட்டைக் கடலை அரை படி, குடைக்குக் கம்பி. சரோஜா போன். "நீ போய் அலமாரிய பாக்கலன்னு எவன் அழுதான்?" என்று என்னையே கேட்கிறாள். எனக்கே ரத்தம் கொதித்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடை. மூன்று பேர், மூன்று பேப்பர். அவனவன் கட்சிப் பேப்பரை அவனவன் படிக்கிறான். படித்தவுடன் மாற்றிக்கொள்ளுங்களேன் என்றேன். "அத்த தொட்டா கை கய்வணும்ண்ணே" என்றான் ஒருவன், போண்டா எண்ணெய்க் கையோடு. இந்த லட்சணத்தில் படிக்கிறது நாடு. நான் எல்லாப் பேப்பரும் படிப்பேன், விளம்பரம் உட்பட. எட்டாவது வரை படித்தவன். அந்த எட்டாவது இன்றைய எம்.ஏ. ஏழாவது என்று சரோஜா சொல்லுவாள். அவளுக்கு ஞாபகசக்தி மட்டு.

செப். 10, வியாழன்.

சாயங்காலம் இடி, அரை மணி மழை. குடைக்கம்பி வாங்காதது தப்பு.

டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம்: "அந்தப் பையன் செவப்பு இங்குல கோடு போட்டு, ஓரத்துல 'வாழ்க'ன்னு எழுதிக்கினு இருக்கானாம்!"

சிவப்பு இங்க்! பென்சில் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்ல ஓர் அளவு வேண்டாமா? சண்டைக்கே போனேன். ஊரில் உண்மைக்கு மரியாதை இல்லை.

டூட்டி முடிந்து கயல் வந்தாள்.

"எந்தப் புக்கு மாமா?"

"பச்சை அட்டை. தடி. நடுத்தட்டு."

"பக்கம்?"

"நாப்பத்திரண்டு. அன்னிக்கே சொன்னேனே."

பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். டீ வேண்டாம் என்றாள். என் வீட்டில் டீ வேண்டாம் என்று அவள் சொன்னதே இல்லை.

செப். 12, சனி.

மாத்திரை வாங்கியாச்சு. மல்லாட்டை விலை அக்கிரமம், வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் கயல் வந்து இறங்கினாள். கூடவே அருள், கையில் துணிப்பை. நின்றுபோன சம்பந்தம் இப்படியா வீடு தேடி வரும்? காலம் கெட்டுவிட்டது. பையன் செருப்பை ஒழுங்காக விட்டான், அதையும் குறித்துவைக்கிறேன்.

பையிலிருந்து பச்சை அட்டை. முதல் பக்கத்தில், 'ஒலிபெருக்கி அமைத்துத் தந்த அண்ணனுக்கு அன்புடன்.' கீழே கட்சி முத்திரை.

"அப்பா எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் கட்றவருங்க," என்றான். "கூட்டம் முடிஞ்சா ஆளுக்கொரு புக்கு குடுப்பாங்க. மேல்தட்டு உங்க கட்சி, நடுத்தட்டு அவங்க, கீழ மத்தவங்க. ஒண்ணையும் தொறந்ததில்லைங்க."

கயல் நாற்பத்தொன்றைப் புரட்டினாள். தனியாகப் புரளவில்லை. மேல் விளிம்பு வெட்டாமல், அச்சகத்தில் மடித்தது மடித்தபடி. நாற்பத்திரண்டும் நாற்பத்துமூன்றும் மூடிய உறை மாதிரி உள்ளே கிடந்தன.

"பக்கமே இன்னும் பொறக்கல. பென்சில் எப்பிடி மாமா உள்ள போச்சு?"

"இது வேற காப்பியா இருக்கும்."

"இந்தப் புக்க எவன் மாமா ரெண்டு வெச்சிருப்பான்?"

அருள் தரையைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அந்தக் கட்சி மேல்தான் ஆத்திரம். புத்தகத்தை வெட்டிக்கூட அனுப்பத் துப்பில்லை, இவர்கள் நாட்டைத் திருத்துவார்களாம்.

போகும்போது கயல் சொன்னாள்: "எனக்கு இவரைப் புடிச்சிருக்கு மாமா. புதனோட ஆவணி முடியுது. அதுக்கு மேல அவங்க வேற எடம் பாப்பாங்க. புக்கக் காட்டினா அப்பா நம்ப மாட்டாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு."

உண்மைதான். இந்த வட்டாரத்தில் என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு.

செப். 13, ஞாயிறு.

வானம் மப்பு. சரோஜா வீட்டுக்கு வழி நெடுகக் காரணம் தயார் செய்துகொண்டே போனேன். கண்ணாடியில் வெயில் விழுந்து கோடு மாதிரித் தெரிந்தது. அல்லது பக்கத்துப் புத்தகத்தின் கோடு. அல்லது கண்ணில் புரை, டாக்டரே சொன்னார். மொத்தம் ஆறு. ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

கயல் நீட்டிய புத்தகத்தைத் தணிகாசலம் தொடவே இல்லை. எதிர்க்கட்சிப் புத்தகமாம். "வேற புக்கக் கூட கொணாந்து காட்டுவாங்க. மச்சான் சொல்லட்டும். கயலு தலை மேல கை வெச்சி, கோட்டப் பாத்தேன்னு சொல்லு மச்சான். இத்தோட இந்தப் பேச்ச வுட்டுடுவோம்."

"புள்ள தலை மேல எதுக்குங்க?" என்றாள் சரோஜா.

கயல் எழுந்தாள். முக்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். குளித்த தலை, ஈரம் காயவில்லை. கை வைத்தேன். ஆறு காரணமும் நாக்கு நுனியில். ஒன்றும் வெளியே வரவில்லை. இப்படி எனக்கு ஆனதே இல்லை.

"அலமாரி மெய் மாப்ளே," என்றேன். "நடுத்தட்டு மெய். பச்சை அட்டை மெய்."

"கோடு?"

கையை எடுத்துவிட்டேன். "கோடு நான் போட்டது மாப்ளே. பஸ்ஸுல, வாயால."