அந்தக் குளிர்க் கிடங்கின் இருட்டு

சனிக்கிழமை கிழித்த பிளாஸ்டிக் உறை இன்னும் என் மேசையில் கிடக்கிறது. புதுப் பட வட்டின் வாசனை அதை விட்டுப் போகவில்லை. எந்தப் படம் வந்தாலும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பீர்கள். நானும் அப்படியே செய்தேன். அட்டையில் உங்கள் படத்தின் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில், மூல நாடாக்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது என்று ஒரு வரி. எதையும் இருமுறை வாசிக்காமல் நம்பாத நான், அந்த வரியை அதற்கு மேலும் வாசித்தேன்.

பென்ரோஸ் தொழிற்பேட்டையில் நீங்கள் வேலை பார்த்த குளிர்க் கிடங்கில், விடுமுறை நாட்களில், இரவல் கேமராவில் எடுத்த பேய்ப் படம் அது. ஒரு காவலாளி, ஒரு கிடங்கு, ஒரு பேய். அதில் உங்களுக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. பேய் நடுவில் வந்து குதிக்கக் கூடாது. முதல் காட்சியிலிருந்தே இருட்டில் நிற்க வேண்டும், உற்றுப் பார்ப்பவர் கண்டுகொள்ளட்டும். இரண்டாவது, ஒலியைப் பற்றியது. "எல்லாரும் பேய் வர்றப்ப சத்தத்தைக் கூட்டுறாங்க வக்கீலே. நான் குறைக்கிறேன். குறைஞ்சாத்தான் பயம்." காவலாளி பேயைக் கடக்கும்போதெல்லாம் குளிர் இயந்திரத்தின் ரீங்காரம் ஒரு படி தாழும் என்றீர்கள். இறுதியில் இருட்டிலிருந்து ஒரு குரல் மட்டும் பேசும்: "நான் எங்கயும் போகல. முதல்லேர்ந்து இங்கதான் நிக்கிறேன்."

மவுண்ட் வெல்லிங்டன் மண்டபத்தில், பட்டப்பகலில், ஒன்றோடொன்று சேராத திரைச்சீலைகளுக்கு நடுவே அதை வெளியிட்டோம். பேயை ஒருவரும் காணவில்லை. ஆகவே அந்தக் கடைசி வசனத்துக்கு மண்டபமே சிரித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, "என்ன தம்பி, பவர் பில் கட்டேல்லையோ?" என்று கேட்டார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். டிவிடி வரட்டும், அப்போது தெரியும் என்றீர்கள்.

டிவிடி வந்தது. ஆனால் நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு அதில் இருந்தது. வெளியீட்டு விழா முழுவதையும் அதே வட்டில் ஏற்றியிருந்தீர்கள்: குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள், வரிசையாகப் பொன்னாடைகள், நன்றியுரை. என்னுடைய நீண்ட உரையும் ஒரு சொல் குறையாமல் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "யாரை வெட்டுறது? எல்லாரும் வீட்ல போட்டு அவங்க மூஞ்சியைத் தேடுவாங்களே" என்றீர்கள். பொன்னாடைகளுக்கு இடம் கொடுத்துப் படத்தின் தரம் ஒடுங்கிப்போயிற்று. இருட்டு முழுவதும் சாம்பல் நிறக் கட்டங்களாக நெளிந்தது. ரீங்காரம் ஏறவுமில்லை, தாழவுமில்லை. எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல ஒரே இரைச்சல்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் படத்தை நிறுத்திவைத்து, திரையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். "இங்கதான் நிக்குது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. தெரியாததைக் கண்டனான் எண்டு சொல்ல ஏலாது."

"நம்பலையா?"

"நம்புறது வேற, காணுறது வேற."

ரயிலுக்கும் காபிக்கும் காத்திருக்கையில் நிற்பது போலவே அன்றும் ஒரு பாதத்தை மறு பாதத்தின் மேல் ஏற்றிக்கொண்டு, கொக்கைப்போல நின்று சிரித்தீர்கள். பேயாக நடித்தது யார் என்று கேட்டேன். "அது சொல்ல மாட்டேன். சாட்சியை மடக்கிருவீங்க" என்றீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, நாடாக்கள் இருந்த பிஸ்கட் டின்னை உங்கள் மனைவி என்னிடம் ஒப்படைத்தார். மறக்கப்பட்ட பேய்ப் படங்களை வெளியிடும் ஒரு சிறிய வெளிநாட்டு நிறுவனம் அதை மீட்டெடுக்க முன்வந்தது. வேலை முடியும் தறுவாயில் தொலைபேசியில் கேட்டார்கள்: இருட்டு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, சற்று வெளிச்சம் கூட்டலாமா? கூட்டினால் எதுவும் மறையாது; ஆனால் அது நீங்கள் அமைத்த இருட்டாக இராது. கூட்டாமல் விட்டு, அங்கே ஒன்றும் தெரியாமல் போனால், மண்டபத்தின் சிரிப்பே உங்கள் படத்தின் இறுதித் தீர்ப்பாகிவிடும். என் கையில் இருந்த ஒரே ஆதாரம் உங்கள் விரல். வேறெவருக்கேனும் ஆலோசனை சொல்வதாயின் பாதுகாப்பான வழியையே சொல்லியிருப்பேன். உங்கள் மனைவியைக் கேட்டேன். "அவர் நிக்குதுன்னு சொன்னா நிக்கும்ணா" என்றார். இருட்டைத் தொட வேண்டாம் என்று பதில் அனுப்பினேன்.

சனிக்கிழமை பிற்பகல், அதே கூடத்தில், திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு நானும் உங்கள் மனைவியும் அமர்ந்தோம். என்ன சொல்வேன்! இரும்புத் தட்டுகளில் படிந்த உறைபனி தெரிந்தது. காவலாளியின் மூச்சு புகையாய்ப் பிரிந்தது. கறுப்பு, கறுப்பாகவே இருந்தது. ஆனால் உள்ளே இறங்கிப் போகக்கூடிய ஆழத்தோடு இருந்தது. ரீங்காரம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. காவலாளி ஒரு மூலையைக் கடந்தார். ரீங்காரம் தாழ்ந்தது. பிடரி சில்லிட்டது. அடுக்கிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார்.

"நிக்குது!" என்று எழுந்தே விட்டேன். நீதிமன்றத்தில்கூடக் குரல் உயர்த்தி அறியாதவன் நான்.

உங்கள் மனைவி திரைக்கு அருகே போய்க் குனிந்தார். பிறகு மெதுவாக, "அண்ணா, காலைப் பாருங்க" என்றார்.

ஒரு பாதம் மறு பாதத்தின் மேல் இருந்தது.

அடுத்த காட்சியில் லாரிக் கதவின் ஓரம். அதற்கடுத்ததில் குழாய்களின் நிழல். எங்கும் நீங்கள், கொக்கைப்போல. உங்கள் மனைவி அழுவார் என்று அஞ்சினேன்; அவரோ சிரித்தார். "ஷூட்டிங் முடிஞ்சு வந்து தினம் கால் வலிக்குதும்பாரு. டைரக்டருக்கு என்ன கால் வலின்னு திட்டினேண்ணா." கடைசி வசனம் வந்தபோது ரீங்காரம் முற்றாக அடங்கியது. நான் எங்கயும் போகல. இம்முறை எவரும் சிரிக்கவில்லை. உங்கள் மனைவி ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து போட்டார்.

ஆகவே, நிலுவையில் இருந்த என் பதிலை இப்போது தருகிறேன்: ஓம், நிற்கிறது. முதல் காட்சியிலேயே நிற்கிறது. கண்டேன்.

இன்று விடியுமுன் ஹென்டர்சன் நிலையத்தில் ரயில் தாமதம். நடைமேடையின் எதிர்முனையில், விளக்கு எட்டாத ஓரத்தை என்னை அறியாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோதுதான் கவனித்தேன்: என் வலது பாதம் இடது பாதத்தின் மேல் ஏறியிருந்தது. ரயில் வரும்வரை அதை நான் இறக்கவில்லை.